குறைய வேண்டிய எண் ஏறியபோது

"மெஷின் இன்னா காட்டிச்சோ அதத்தான் சார் எழுதினேன்" என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஆட்களுக்கு ரத்தம் சோதிக்கிற இந்த லேபுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டு, போகிற போக்கில் எல்லாரையும் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகிற கிழவன் நான். அன்றைக்கு எனக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். பொன்னேரி தாண்டும்வரை மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு "பெருசு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு" என்று சிரியுங்கள், பரவாயில்லை. முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளில் நான் திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியின் உயிர்வேதியியல் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிறத்தின் அடர்த்தியை அளக்கிற ஒரு கலரிமீட்டர், அப்புறம் நான். அந்தக் கலரிமீட்டருக்கும் கரண்டு இருக்கும்போதுதான் உயிர்.

அந்தச் சின்ன இடத்தில் வலி மாத்திரையை ரத்தத்தில் அளக்கிற வேலை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் வலி மாத்திரை பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கும். பொன்னேரிப் பக்கம் நாற்று நடுகிற பெண்கள் டீயோடு ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் சேற்றில் இறங்குவார்கள். ஊத்துக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் வெறும் வயிற்றில் இரண்டு போடுவார்கள். சிலருக்கு அளவு தப்பிவிடும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டையோடு விழுங்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆஸ்பிரின் உடம்புக்குள் போனால் சாலிசிலேட்டாக மாறும். ரத்தத்தில் அது இருந்தால், இரும்பு உப்புக் கரைசலைச் சேர்த்ததும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா நிறம் எழும். நிறம் அடர்ந்தால் அளவு அதிகம். அடிப்படை அவ்வளவுதான். மீதியெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாதது வரதன்.

கோயிலில் பெருமாளின் பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர்களை ஸ்ரீபாதந்தாங்கிகள் என்பார்கள். வரதன் அவர்களில் ஒருவர், முன்தண்டு பிடிக்கிற ஆள். நாற்பது வயசு இருக்கும், தேக்கு மரம் போல உடம்பு. சித்திரை உற்சவம் முடிந்து கொடி இறங்கிய மறுநாள் காலையில் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வந்தவர்களும் பல்லக்குத் தூக்குகிறவர்களே. கட்டில் ஒரு துளி அசையாமல் வந்தது என்று நர்ஸ்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. வரதன் ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் விழித்துப் பார்த்தார், சம்பந்தமில்லாமல் ஏதோ முனகினார். பக்கத்தில் அவர் மனைவி ரங்கம்மா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டியூட்டியில் இருந்தது எங்கள் டாக்டரம்மா. என்னைவிடச் சின்னவர். ஆனால் நோயாளியின் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். பார்த்தவுடனே, "சர்க்கரை முத்திப்போச்சு போல, யூரினைப் பாருங்க" என்று அனுப்பினார். அப்படி மூச்சு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரை நோய்க்காரர்கள்தான். சிறுநீரில் சர்க்கரைக்கான சோதனையிலும் நிறம் மாறியது, அதே இரும்பு உப்புக் கரைசலை விட்டுப் பார்க்கிற, சர்க்கரை முற்றியதற்கான சோதனையும் சிவந்த ஊதாவாக வந்தது. இரண்டும் டாக்டரம்மா சொன்னதற்கு ஒத்துப்போயின. நீங்களாக இருந்தால் சர்க்கரைதான் என்று இரண்டு பிளஸ் போட்டு அனுப்பியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஊதா நிறம் என்னை உறுத்தியது. நாற்று நடவுக் காலத்தில் தினமும் பார்த்துப் பழகிய நிறம் அது. சாலிசிலேட்டும் இந்த இரண்டு சோதனைகளையும் அப்படியே ஏமாற்றும். டியூபோடு வார்டுக்கு ஓடினேன். டாக்டரம்மா கையில் இன்சுலின் ஏற்றிய ஊசி இருந்தது.

"டாக்டர், அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன்.

"மூச்சைப் பாருங்க சார். நீங்க அஞ்சு நிமிஷம் கேக்கறீங்க, அவர் உடம்பு குடுக்குமா?"

"சர்க்கரையா இருந்தா யூரினைக் கொதிக்க வச்சு மறுபடி பார்த்தா இந்த நிறம் வராது. வலி மாத்திரையா இருந்தா அப்பவும் வரும். இங்கயே பார்த்துடறேன்."

வார்டு அறையின் ஸ்டவ்விலேயே கொதிக்க வைத்தேன். கரைசலை விட்டதும் அதே ஊதா, பளிச்சென்று எழுந்தது. டாக்டரம்மா டியூபை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்தார்.

"இது தப்பாப் போனா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னோம்னு அர்த்தம். ரத்தத்துல சர்க்கரை எவ்ளோன்னு முதல்ல சொல்லுங்க" என்றார்.

ஓடிப்போய் அளந்துவந்து சொன்னேன். இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே இருந்தது. அந்த இன்சுலின் ஏறியிருந்தால் வரதன் அந்தக் கட்டிலிலேயே திரும்பிப் போயிருப்பார். டாக்டரம்மா ஊசியை எடுத்துப்போய்க் கழுவுதொட்டியில் காலி செய்துவிட்டு வந்தார். சாலிசிலேட்டும் அளந்தேன். நன்றாகவே ஏறியிருந்தது. குளுக்கோஸும் சோடா உப்பு மருந்தும் நரம்பில் ஏற ஆரம்பித்தன.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் மார் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அடுத்த கேள்வி, சாலிசிலேட் எங்கிருந்து வந்தது என்பது. ரங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார் டாக்டரம்மா.

"மாத்திரை எவ்ளோ சாப்பிட்டார்மா? பயப்படாம சொல்லுங்க."

"மாத்திரயா? எங்கூட்டுக்காரரு மாத்திரயத் தொடமாட்டாரும்மா. உற்சவம் முடியற வரிக்கும் விரதம். பெருமாளு புறப்பாடு முடிஞ்சு உள்ள போற வரிக்கும் பல்லுல பச்சத்தண்ணி படாது."

"வீட்டுல ஏதாவது சண்டை?"

ரங்கம்மாவுக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று உடனே புரிந்துவிட்டது. முகம் கருத்துப் போயிற்று. "இன்னாம்மா கேக்கறீங்க? வெஷம் குடிச்சிட்டாருன்னா? பெருமாளத் தாங்கற தோளும்மா அது! அப்பிடி எழுதிட்டீங்கன்னா அவுரு பொழச்சு வந்தும் செத்ததுக்குச் சமானம். இனிமே எவன் அவர தண்டு தொட உடுவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான சார் அந்த ரத்தத்தப் பார்த்தவரு? இன்னொருக்கா நல்லாப் பாரு சார்" என்றார்.

விஷம் என்று சந்தேகம் வந்தால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டரம்மா தாளை எடுத்து மேஜையில் வைத்தார், எழுதவில்லை. "நாளைக்கு அளவு குறையட்டும், அவரே தெளிஞ்சு சொல்லட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் ரத்தம் எடுத்து அளந்தேன். குறையவில்லை. ஏறியிருந்தது.

நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருக்கிற ஆளுக்கு, வாய் வழியாக ஒரு வாய்க் கஞ்சிகூடப் போகாத ஆளுக்கு, எண் எப்படி ஏறும்? முதல் சந்தேகம் என் மேலேயே வந்தது. கரைசல் கெட்டுவிட்டதா, டியூபில் பழைய மிச்சம் ஒட்டியிருந்ததா? என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, அதே கரைசலில், அதே டியூபில் பார்த்தேன். ஊதாவின் வாசனைகூட இல்லை. கரைசல் சரி. அப்படியானால் எண்ணும் சரி.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எண் சரி என்று தெரிந்துகொண்டதோடு என் வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டு, எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். "காட்டினதைத்தான் எழுதினேன்" என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. டாக்டரம்மாவும் எரிந்து விழுந்தார். "உங்க எண் சரின்னா, ஒண்ணு அந்தம்மா கொடுக்கறா, இல்ல அவரே ஒளிச்சு வச்சு முழுங்கறார். நடுவுல வேற வழி இருக்கா? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தெரியலேன்னா நான் போலீசுக்கு எழுதித்தான் ஆகணும்" என்றார். தலையணை, பாய், புடவை முந்தானை முடிச்சு எல்லாவற்றையும் நர்ஸ் பார்த்தாயிற்று. ஒரு மாத்திரையும் இல்லை. ரங்கம்மா முந்தானையை அவிழ்த்துக் காட்டிவிட்டு மறுபடி முடிந்துகொண்டார். அந்த அவமானத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வரதனோ முந்தின நாளைவிட மோசமாக இருந்தார். நகம் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

எண் ஏறினால் பொருள் உள்ளே போகிறது. யாரோ எதையோ செய்கிறார்கள். லேபில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையாளர் நேரத்தில் வார்டில் போய் வரதனின் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில், வெறுமனே உட்கார்ந்தேன். நர்ஸ், "இன்னா சார், உடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் வந்தார்கள். பல்லக்குத் தூக்குகிற கூட்டாளிகள், நாலைந்து பேர். எல்லார் தோளிலும் தண்டு அழுத்தி அழுத்திக் காய்ப்பேறிய மேடு. முன்னால் வந்தவர் கோபால், வரதனோடு முன்தண்டுக்குத் தோள் கொடுக்கிறவர். வந்தவர்கள் அழவில்லை, விசாரிக்கவில்லை. பழக்கமான வேலையைச் செய்கிறவர்கள் போல வரதனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஒருவர் தூக்குவாளியைத் திறந்தார். கோபால் அதிலிருந்து எண்ணெயை உள்ளங்கையில் வாங்கி வரதனின் தோளில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தோல் அங்கே உரிந்து சிவந்திருந்தது. தேய்த்து முடித்ததும், துணியில் சுற்றிய சூடான செங்கல்லை எடுத்து அதன் மேலே ஒத்தடம் கொடுத்து, துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் போனார். தோள் பிடித்துவிடுவதை யார் தடுப்பார்கள்?

எழுந்து போய், "இது இன்னா எண்ணெய் நைனா?" என்றேன்.

"தோளெண்ண சார். உற்சவத்துல தெனம், முடிஞ்ச பொறவும் ஒர்த்தருக்கொர்த்தர் தோளு புடிச்சு உட்டாவணும், எங்க மொற அது. இவுரு பட்துக்கினு கீறாரேன்னு உட்ற முடியுமா? நேத்து சாயங்காலமும் வந்து தேச்சு உட்டுட்டுதான் போனோம்."

"எதுல காய்ச்சறீங்க?"

"நல்லெண்ணதான் சார். எறக்கின பொறவு மெட்ராஸ்லருந்து வாங்கினு வர தைலம் ஒரு பாட்லு ஊத்துவோம். குத்துவலிக்கு அத்த உட்டா வேற இன்னா கீது?"

தூக்குவாளியை முகத்தருகே கொண்டுபோனேன். விண்டர்கிரீன் தைலம். வார்டு முழுக்க எல்லார் நெற்றியிலும் தைலம், எல்லார் தலைமாட்டிலும் தைல டப்பி. அந்த வாசனை நடுவில் இது தனியாக யார் மூக்கிலும் ஏறவில்லை. வலி மாத்திரையில் இருக்கிற அதே சாலிசிலேட், தைலமாக. கொஞ்சமே பல மாத்திரைகளுக்குச் சமம். உரிந்த தோலில், சூட்டோடு, துண்டால் இறுக்கிக் கட்டினால் நேராக ரத்தத்துக்குள் போகும். தண்ணீரே குடிக்காத உடம்பு அதை வெளியே தள்ளவும் முடியாமல் தேக்கிவைத்துக்கொள்ளும். மற்றவர்கள் உற்சவத்தில் முறை மாற்றிக்கொண்டார்கள். வரதன் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒருவரின் முறையையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறார். அதனால்தான் அவருக்கு மட்டும் தோள் புண்ணாகியிருக்கிறது.

"அவுத்துடுங்க! துண்ட அவுத்துடுங்க!" என்று நான் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. கோபால் பயந்துபோய், "இன்னா சார் பேஜாரா பூட்சு, இன்னா ஆச்சு?" என்றார்.

டாக்டரம்மா ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டாளிகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, தன் கையாலேயே அந்தத் தோளைக் கழுவினார். கழுவிக்கொண்டே, "நீங்க வரதை நிறுத்தாதீங்க. தினமும் வாங்க. எண்ணெய் மட்டும் வேணாம். தோளை விட்டுட்டு, வெறுங்கையால காலைப் பிடிச்சு விடுங்க, சரியா?" என்றார். அந்த முரட்டு ஆட்கள் ஸ்கூல் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள். பிறகு ரங்கம்மாவிடம் போய், எல்லார் முன்னாலும், "உங்களைச் சந்தேகப்பட்டது தப்பும்மா" என்றார். ரங்கம்மா, "அவுரு பொழச்சா போதும்மா" என்று மட்டும் சொன்னார். மேஜை மேல் கிடந்த வெற்றுத்தாள் உள்ளே போயிற்று.

நாங்கள் கேட்டதெல்லாம் "இன்னா சாப்பிட்டாரு?" என்பதைத்தான். விரதம் இருந்த மனுஷன் ஒன்றும் சாப்பிடவில்லை. ரங்கம்மா சொன்னதில் துளி பொய் இல்லை. தோளுக்கு எண்ணெய் போடுவதை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள், நாம் தலைக்கு எண்ணெய் வைப்பதைச் சேர்க்கிறோமா? அப்போதிலிருந்து நான் கேட்கிற கேள்வி வேறு. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை இவருக்கு யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கேட்பேன். நேரமாகும், சிலர் சலித்துக்கொள்வார்கள். கேளுங்கள்.

மறுநாள் எண் இறங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. அந்த மெல்லிய ஊதாவைப் பார்த்தபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரதன் கண்ணைத் திறந்து ரங்கம்மாவிடம் கஞ்சி கேட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

கடைசியாக ஒன்று. உண்மையில் அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

வீட்டுக்குப் போகிற அன்று வரதன் தனியாக என் லேபுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். யாராண்டயும் சொல்லல, ஊட்லகூட."

"சொல்லுங்க."

"உற்சவத்துல நடுவுலருந்து எனக்கு சங்கு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு சார். ரெண்டு காதுலயும். யாரும் ஊதல, ஆனா கேக்குது. பல்லக்க எறக்கி வச்சப்புறமும் கேக்குது. எண்ண தேச்சு ஒத்தடம் குட்தாங்கன்னா இன்னும் நல்லாக் கேக்கும். பெருமாளு என்னக் கூப்புடறாருன்னு நெனச்சேன். இத்தினி வருசம் தூக்கினதுக்கு இது போதும்னு இருந்துச்சு சார். அதான் ஒடம்பு முடியலன்னும் யாராண்டயும் சொல்லல. சொன்னா நின்னுடுமோன்னு பயம்." காதைத் தொட்டுக் காட்டினார். "இப்ப கேக்கல. அது மருந்துதானா சார்?"

உங்கள் புத்தகத்தில் அது ஒரு வரி. சாலிசிலேட் கூடினால் காதில் இரைச்சல் வரும். அதுதான் முதல் அறிகுறி. வீட்டிலாவது சொல்லிவைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். ஆனால் எந்த மனுஷன் தன் சந்தோஷத்தை அறிகுறி என்று வந்து சொல்வான்?

என்ன சொல்வது? தெரியலீங்க, பெருமாளுக்குத்தான் வெளிச்சம் என்று நழுவியிருக்கலாம். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். போய், அடுத்த உற்சவத்தில் அந்தச் சத்தத்தைத் தேடி மறுபடி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அப்போது எந்த டாக்டரம்மா கையிலும் அவரைக் காப்பாற்ற நேரம் இருந்திருக்காது.

"மருந்துதான் வரதா. எண்ணெய் ரத்தத்துல ஏறினா காதுல அப்பிடி சத்தம் கேக்கும். எல்லாருக்கும் கேக்கும்" என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் சொன்ன ரிசல்ட்டுகளிலேயே சொல்ல மிகக் கஷ்டப்பட்டது அதுதான். அதிலும் 'எல்லாருக்கும்' என்ற அந்தச் சொல்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு ரத்தத்துல எவ்ளோ கீது சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

"ஆமா சார்," என்றார், "காதும் சுத்தமாத்தான் கீது."

கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.